ஜெர்மன் பதக்கப் பட்டை அசலா, ஒட்டுப்போட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜெர்மன் ராணுவப் பதக்கங்களைச் சில வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். தெரிந்தவர்கள் படம் அனுப்பி "இது அசலா, வாங்கலாமா?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைத் தட்டச்சு செய்து கை வலித்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் நிபுணன் கிடையாது, ஏமாந்து ஏமாந்து கொஞ்சம் கற்றுக்கொண்டவன்.

பதக்கப் பட்டை என்றால் என்ன?

ஒருவர் பெற்ற பதக்கங்களை எல்லாம் அவற்றின் ரிப்பனோடு ஒரு தகரத் தகட்டின் மேல் வரிசையாகத் தைத்து, பின்பக்கம் துணி போர்த்தி, சீருடையின் இடது மார்பில் குத்திக்கொள்ள ஊசி வைத்தது. ஜெர்மனில் ஓர்டென்ஷ்னாலெ என்பார்கள். பதக்கம் தொங்காமல் ரிப்பன் துண்டுகள் மட்டும் இருப்பது ரிப்பன் பட்டை, அது தினசரி உடுப்புக்கு.

இதில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரசு கொடுத்தது பதக்கத்தை மட்டும்தான். பட்டையைத் தைத்துக் கொடுத்தவர் ஊர்த் தையல்காரராக இருக்கலாம், ராணுவ உடுப்புக் கடையாக இருக்கலாம், பெர்லினில் இருந்த கொடெ போன்ற பெரிய நகைக் கடையாகவும் இருக்கலாம். ஆளுக்கு ஒரு கைவண்ணம். அதனால் "அசல் பட்டை இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு மாதிரியைக் காட்டவே முடியாது.

பதக்கங்கள் எல்லாம் அசல் என்று விற்பவர் உத்தரவாதம் தருகிறார். அப்படியானால் பட்டையும் அசல்தானே?

இல்லை. பாதிப் பேர் விழுவது இந்தக் குழியில்தான்.

முதல் உலகப் போரில் இரும்புச் சிலுவை என்ற போர் விருதின் இரண்டாம் வகுப்பை ஏறக்குறைய 50 லட்சம் பேருக்குக் கொடுத்தார்கள். அந்தப் போரில் பணியாற்றியவர்களுக்காக 1934இல் வந்த ஹிண்டன்பர்க் சிலுவையில், போர்முனையில் நின்றவர்களுக்கான வாள் போட்ட வகை மட்டுமே 60 லட்சத்துக்கு மேல். இப்படிக் குவிந்து கிடப்பதால் உதிரிப் பதக்கத்துக்குப் பெரிய விலை கிடையாது. நாலு உதிரியை வாங்கி, பழைய ரிப்பன் தேடி, பழைய தகட்டில் தைத்துவிட்டால் அது "ஒரு வீரரின் பட்டை" ஆகிவிடுகிறது, விலையும் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு பதக்கமும் அசல், தைத்தது மட்டும் போன மாசம்!

இன்னொரு வகை இதைவிட மோசம். உண்மையான பழைய பட்டையில் மலிவான ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் விலை உயர்ந்த ஒன்றை வைப்பது. நான் அடிபட்டது இதில்தான். ஒரு பழைய பொருள் சந்தையில் நாலு பதக்கப் பட்டை ஒன்றைப் பார்த்தேன், இரண்டாவது இடத்தில் வாள்களோடு, பிரஷ்ய அரச குடும்பமான ஹோஹென்சோலர்ன் குல விருதின் வீரர் சிலுவை. அது அதிகாரிகளுக்குக் கொடுத்தது, லேசில் கிடைக்காதது. பின்பக்கத்தைத் திருப்பினேன், பழைய துணி, துருப்பிடித்த ஊசி, எல்லாம் சரியாக இருந்தது. பேரம் பேசி வாங்கி வந்துவிட்டேன். இரவு விளக்கடியில் வைத்து ரிப்பன் மடிப்புகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் விரித்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மற்ற மூன்று ரிப்பனிலும் வெளியே வெளுத்து, மடிப்புக்குள் நிறம் அப்படியே இருந்தது. இரண்டாவது ரிப்பனில் மட்டும் உள்ளும் புறமும் ஒரே நிறம், ஒரே பழுப்பு. வெயிலே படாத மடிப்பு எப்படிப் பழுக்கும்? தேயிலைத் தண்ணீரிலோ எதிலோ முக்கி எடுத்திருக்கிறார்கள். அந்த விருதைப் போர்க்காலத்தில் இரும்புச் சிலுவையின் கறுப்பு வெள்ளை ரிப்பனிலேயே கொடுத்தார்கள் என்பது மாற்றியவருக்கு வசதி, ரிப்பன் தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முதுகை. முன்பக்கம் கண்ணைப் பறிக்கத்தான் இருக்கிறது, கதை பின்னால்தான்.

பின்துணி பெரும்பாலும் கம்பளித் துணி அல்லது ஃபெல்ட்: கறுப்பு, சிவப்பு, நீலம், சாம்பல் என்று எந்த நிறமும் இருக்கலாம். ஊசி தகட்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பல வருடம் ஒரே இடத்தில் இருந்த இரும்பு ஊசியின் துரு அதன் அடியில் உள்ள துணியில் கோடாகப் படிந்திருக்க வேண்டும். கொக்கி இருக்கும் இடத்திலும் அப்படியே. ஊசி துருப்பிடித்து துணி சுத்தமாக இருந்தால் துணி பின்னால் வந்தது. துணியில் துருக்கோடு இருந்து, ஊசி அந்தக் கோட்டின் மேல் விழாவிட்டால் தகட்டை மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்து தையல். துணி ஓரத்தை மடித்துக் கையால் தைத்திருப்பார்கள். நூல் துணியில் அழுந்திப் பதிந்து, அதே அழுக்கு நூலிலும் ஏறியிருக்க வேண்டும். அழுக்குத் துணியின் மேல் சுத்தமான நூல் என்றால் பேச்சே இல்லை. பழைய தையலின் ஊசித் துளைகள் காலியாகப் பக்கத்தில் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் சந்தோஷப்படுங்கள். கம்பளியைப் பூச்சி தின்னும், அதைப் போலியாகச் செய்வது கஷ்டம். ஆனால் அதிலும் ஒரு கண் வையுங்கள்: ஓட்டை விளிம்பைச் சேர்த்து இழுத்துத் தைத்தது போல் நூல் போனால் பூச்சி முதலில் வந்தது, நூல் அப்புறம் வந்தது. எந்தக் காலத்து நூல் என்பதுதான் அடுத்த கேள்வி.

முன்பக்கத்தில் என்ன பார்ப்பது?

ஒரே பட்டையில் பல வருடம் தொங்கிய பதக்கங்கள் ஒன்றோடொன்று உரசும். உரசிய தடம் இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும். இடது சிலுவையின் கை வலது பதக்கத்தில் எங்கே இடிக்குமோ அங்கே தேய்ந்திருக்க வேண்டும், சம்பந்தமில்லாத மூலையில் தேய்ந்திருந்தால் அது வேறெங்கோ வாழ்ந்த பதக்கம்.

பதக்கத்தைத் தூக்கி அதன் பின்னால் இருக்கும் ரிப்பனைப் பாருங்கள். உலோகம் பட்ட இடத்தில் நிழல் போல் ஒரு அச்சு விழுந்திருக்கும். சிலுவை தொங்கும் இடத்தில் வட்டமான நிழல் இருந்தால் வேறு என்ன சொல்ல?

யூவி (புற ஊதா) டார்ச் அடித்தால் போதும் என்கிறார்களே?

உதவும், போதாது. துணியை வெள்ளையாகக் காட்டும் ஒளிரூட்டி ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் துணியிலும் சோப்புத் தூளிலும் பரவலாக வந்தன. யூவி வெளிச்சத்தில் அவை நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். ரிப்பனோ நூலோ அப்படிக் கண்ணைக் கூசினால் சந்தேகப்படுங்கள். ஆனால் யாரோ ஒரு பாட்டி 1970இல் தூசி தட்டி ஈரத்துணியால் துடைத்திருந்தால் அந்தச் சோப்பும் ஒளிரும். பழைய வெள்ளைப் பருத்தியே லேசாக மினுங்குவது உண்டு. மறுபக்கம், ஒளிராத புது நூலும் கடையில் கிடைக்கிறது, போலி செய்பவருக்கும் டார்ச் இருக்கிறது. நான் பார்ப்பது ஒளிர்கிறதா என்பதைவிட, பட்டை முழுக்க ஒரே மாதிரி ஒளிர்கிறதா என்பதைத்தான். என் ஹோஹென்சோலர்ன் பட்டையில் இரண்டாவது இடத்துத் தையல் மட்டும் டியூப்லைட் போல் எரிந்தது. வாங்குவதற்கு முன் அடித்துப் பார்த்திருக்க வேண்டும், டார்ச் பையில்தான் இருந்தது.

நூலை எரித்துப் பார்க்கலாமா?

உங்கள் பட்டையாக இருந்தால், பின்பக்கம் பிரிந்து தொங்கும் ஓர் இழையை மட்டும். பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும், பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் அடிக்கும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். பாலியெஸ்டர் 1941இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டு, கடைக்கு வந்தது போர் முடிந்த பிறகு. அதனால் உருகி உருண்டை வந்தால் அந்தத் தையல் அநேகமாகப் போருக்குப் பிந்தியது. காகிதம் போல் எரிந்தால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை, பருத்தி நூல் இன்றைக்கும் விற்கிறது. விற்பவரின் மேசையில் தீப்பெட்டியை எடுக்காதீர்கள்.

பதக்கங்களின் வரிசையை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியும், எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். பட்டை ஒரு மனிதரின் வேலைப் பதிவேடு மாதிரி. அணிந்தவரின் வலப்பக்கத்திலிருந்து, அதாவது நமக்கு இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் இரும்புச் சிலுவை முதலில், அப்புறம் சொந்த மாநில விருதுகள், மற்ற ஜெர்மன் மாநிலங்கள், நீண்ட சேவை, கடைசியில் வெளிநாடு. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டெம்பெர்க் எல்லாம் தனித்தனி விருது வைத்திருந்தன என்பதால் ஆள் எந்த ஊர்க்காரர் என்பதே வரிசையில் தெரிந்துவிடும். விதியை மீறித் தைத்த அசல் பட்டைகளும் உண்டு, அணிந்தவர் மனிதர்தானே. ஆனால் சில சேர்க்கைகள் நடக்கவே முடியாதவை, அல்லது மிக மிக அபூர்வம்.

1914 இரும்புச் சிலுவை இரண்டாம் வகுப்பும் 1939 இரண்டாம் வகுப்பும் தனித்தனிச் சிலுவையாக ஒரே பட்டையில் தொங்கினால் கீழே வைத்துவிடுங்கள். முதல் போரில் வாங்கியவருக்கு இரண்டாம் போரில் மறுபடி சிலுவை கொடுக்கவில்லை, பழைய ரிப்பனின் மேல் குத்திக்கொள்ள 1939 என்று போட்ட கழுகுச் சின்னம் ஒன்றைத்தான் கொடுத்தார்கள்.

இரும்புச் சிலுவைக்கு இரண்டு ரிப்பன். போரிட்டவருக்குக் கறுப்பில் வெள்ளைக் கோடு, போரிடாதவருக்கு வெள்ளையில் கறுப்புக் கோடு. வெள்ளை ரிப்பன் அபூர்வம் என்பதால் அதை மாற்றி வைப்பார்கள், பக்கத்தில் வாள் போட்ட ஹிண்டன்பர்க் சிலுவை இருப்பதை மறந்துவிடுவார்கள். போர்முனைக்குப் போகாதவருக்கு வாள் ஏன் வந்தது? விளக்கம் இருக்கலாம், ஆனால் விளக்கம் தேவைப்படுகிறது.

1936இல் தொடங்கிய ராணுவச் சேவைப் பதக்கத்தின் நீல ரிப்பனில் குட்டிக் கழுகு இருக்கும். தரைப்படைக் கழுகு வேறு, விமானப்படைக் கழுகு வேறு. ஒரே பட்டையில் இரண்டும் இருந்தால், தைத்தவர் டப்பாவில் கைக்கு வந்ததை எடுத்திருக்கிறார்.

ரிப்பனை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஹிண்டன்பர்க் சிலுவையின் ரிப்பனும் 1870-71 போர்ப் பதக்கத்தின் ரிப்பனும் ஒன்றேதான். 1870இல் பிரான்சில் சண்டை போட்டவரின் பட்டை என்று விற்கப்படுவது 1934க்குப் பிந்திய ரிப்பனில் தொங்கும் உதிரிப் பதக்கமாக இருக்கலாம்.

பட்டை எந்தக் காலத்தது என்று எப்படிக் கணிப்பது?

கடைசியாக வந்த பதக்கம்தான் பட்டையின் வயது. ஹிண்டன்பர்க் சிலுவை இருந்தால் 1934 ஜூலைக்கு முன் தைத்திருக்க முடியாது. மற்றதெல்லாம் கைசர் (ஜெர்மன் பேரரசர்) காலத்தது என்றாலும் சரி. இது பட்டை போலி என்பதற்கு அடையாளம் ஆகாது. புதுப் பதக்கம் வந்ததும் பழைய பட்டையைப் பிரித்து முழுசாகத் தைத்துக்கொள்வது அன்றைக்குச் சாதாரணம். பழைய பதக்கம், புதிய ரிப்பன், 1930களின் நூல் எல்லாம் சேர்ந்திருப்பது நேர்மையான பட்டையிலும் நடக்கும். 1938க்குப் பிறகு ஆஸ்திரியக்காரர்கள் தங்கள் முக்கோண ரிப்பன் பதக்கங்களை ஜெர்மன் பாணிப் பட்டைக்கு மாற்றிக்கொண்டதையும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

1920களில் வேறொரு கூத்து. முதல் போருக்குப் பின் வந்த வைமர் குடியரசின் அரசியல் சட்டம் அரசு விருது கொடுப்பதையே நிறுத்தியது. விடுவார்களா, முன்னாள் வீரர் சங்கங்களும் தனியாரும் தாங்களே பதக்கம் அடித்து விற்றார்கள். நாஜி ஆட்சி பின்னர் அவற்றை அணியத் தடை போட்டது. அந்தத் தனியார் பதக்கங்களும் ஹிண்டன்பர்க் சிலுவையும் சேர்ந்து இருந்தால் ஒரு நிமிடம் யோசியுங்கள். தடையைக் கண்டுகொள்ளாத முரட்டுக் கிழவர்களும் இருந்திருப்பார்கள், அதனால் தள்ளிவிட வேண்டாம்.

என் பட்டையில் இரும்புச் சிலுவையின் நடுவில் ஸ்வஸ்திகாவுக்குப் பதில் ஓக் இலை இருக்கிறது, கீழே 1939. போலியா?

இல்லை. 1957 ஜூலை 26 தேதியிட்ட மேற்கு ஜெர்மனிச் சட்டம் போர்க்காலப் பதக்கங்களை ஸ்வஸ்திகா இல்லாத வடிவத்தில் அணிய அனுமதித்தது. உங்களுடையது அது. உண்மையான பொருள்தான், போர்க்காலப் பொருள் மட்டும் கிடையாது. இந்தப் பட்டைகளின் தகட்டையும் துணியையும் எடுத்து, ஓக் இலைப் பதக்கங்களைக் கழற்றி ஸ்வஸ்திகா உள்ளதை மாட்டி "1944" என்று விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

பின்னால் பெர்லின் கடையின் லேபிள் இருக்கிறது, அது நல்ல அடையாளம்தானே?

லேபிள் தனியாகவும் கிடைக்கிறது, புதிதாகவும் அச்சடிக்கிறார்கள். லேபிளுக்கு அடியில் துணி வெளுக்காமல் இருக்கிறதா, லேபிளின் தையல் மற்ற தையலோடு வயதில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். லேபிள் இல்லாத அசல் பட்டைகள் ஏராளம்.

காந்தம் வைத்துப் பார்க்கலாமா?

வையுங்கள். 1914 சிலுவையின் நடுப்பகுதி பெரும்பாலும் இரும்பு, ஒட்டும். போலியும் இரும்பில்தான் செய்கிறார்கள், அதுவும் ஒட்டும். அவ்வளவுதான்.

அணிந்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

நம் ஊரில் தாத்தா வைத்திருந்த பிரிட்டிஷ் காலத்துப் போர்ப் பதக்கத்தைப் பார்த்தவர்கள் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு இருக்கும் என்று பழகிவிட்டார்கள். ஜெர்மன் பதக்கங்களில் பொதுவாகப் பெயர் கிடையாது. பெயர் வேண்டுமென்றால் காகிதம் வேண்டும்: விருதுச் சான்றிதழ், ராணுவப் பாஸ் (சிப்பாயின் சேவை விவரப் புத்தகம்). அந்தக் காகிதமும் பட்டையும் ஒரே வீட்டிலிருந்துதான் வந்தன என்பதற்கு விற்பவர் வாய் வார்த்தை போதாது.

பிரஷ்ய ராணுவ ஆவணங்கள் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின. அதனால் பிரஷ்ய சிப்பாய் என்றால் தேடுவது கிட்டத்தட்ட முடிந்த கதை. பவேரியர் என்றால் ம்யூனிக்கில், வூர்ட்டெம்பெர்க்காரர் என்றால் ஸ்டுட்கார்ட்டில் இன்னும் வழி இருக்கிறது. அதிகாரியாக இருந்தால் அச்சான பதவிப் பட்டியல்களில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் விருதுகளைச் சுருக்கக் குறியில் போட்டிருப்பார்கள். ஏழெட்டுப் பதக்கம் உள்ள, இரண்டு மூன்று சிறு மாநில விருது கலந்த பட்டை என்றால் அந்தச் சேர்க்கை ஒரே ஒரு பெயரில் போய் நிற்பது உண்டு. அப்படி ஒன்று மாட்டினால் அன்றைக்குத் தூக்கம் வராது.

எம்டன் கப்பல் மாலுமியின் பட்டை என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

இதைக் கேட்காத தமிழரே இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போய், "சரியான எம்டன்" என்று நம் பேச்சிலேயே தங்கிவிட்ட ஜெர்மன் போர்க்கப்பல். ஆசை வருவது இயல்பு, விற்பவருக்கும் அது தெரியும்.

இரும்புச் சிலுவையும் ஹிண்டன்பர்க் சிலுவையும் உள்ள சாதாரண இரட்டைப் பட்டை எந்த மாலுமிக்கும், எந்தக் காலாட்படைக்காரருக்கும் பொருந்தும். அதில் எம்டன் என்று எங்கேயும் எழுதியிருக்காது. 1914 நவம்பர் 9 கொக்கோஸ் தீவில் கப்பல் முடிந்தபோது பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் மால்டாவில் கைதிகளாகப் போரைக் கழித்தார்கள், எனவே 1916, 1917இல் மேற்குப் போர்முனையில் சம்பாதித்த விருது அந்தப் பட்டையில் இருக்க நியாயமில்லை. லெப்டினன்ட் ஃபான் ம்யூக்கேயுடன் ஆயிஷா என்ற பாய்மரக் கப்பலில் தப்பி, அரேபியா வழியாகத் துருக்கி போய்ச் சேர்ந்த ஐம்பது பேர் அளவிலான குழு தனி. துருக்கி விருது ஒன்று இருந்தால் அவர்களோடு ஒத்துப்போகலாம். ஒத்துப்போகலாம், அவ்வளவுதான். துருக்கியில் ஆயிரக்கணக்கான ஜெர்மானியர் இருந்தார்கள்.

எம்டனில் உயிர் பிழைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அப்படிப் பெயர் போட்ட சான்றிதழ் பட்டையோடு வந்தால் பேசலாம். இல்லாவிட்டால் இரட்டைப் பட்டையின் விலையைக் கொடுங்கள், கதைக்குத் தனியாகக் காசு கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

ஜெர்மனியில் ஸ்வஸ்திகா உள்ளதை வாங்கினால் சட்டப் பிரச்சினை வருமா?

குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு அதைப் பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும் தடுக்கிறது. வரலாறு, ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. சந்தைகளில் சின்னத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார்கள், வாங்கியதும் அங்கேயே பிய்த்துப் பார்க்காதீர்கள். அந்த ஸ்டிக்கர் பசை பதக்கத்தின் கறுப்புப் பூச்சையும் உரித்துக்கொண்டு வரும் என்பது இன்னொரு காரணம்.

பிரிந்த தையலைச் சரி செய்யலாமா, பாலிஷ் போடலாமா?

வேண்டாம். நீங்கள் போடும் ஒரு தையலால் நல்ல பட்டையும் சந்தேகப் பட்டை ஆகிவிடும். அடுத்தவர் யூவி அடித்துப் பார்த்து உங்களைத் திட்டுவார்.

நேரில் பார்க்க முடியாது, படம் மட்டும்தான். என்ன கேட்பது?

முதுகு முழுசாக ஒரு படம், இரு ஓரத்திலிருந்தும் ஒரு படம், ஒவ்வொரு பதக்கத்தையும் தூக்கிப் பிடித்து அடியில் உள்ள ரிப்பன் தெரிய ஒரு படம், ஒரு மடிப்பையாவது விரித்துக் காட்டும் படம். விளக்கை அணைத்து யூவியில் முன்னும் பின்னும். நேர்மையான விற்பனையாளர் சலித்துக்கொண்டே எடுத்து அனுப்புவார். "கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது, பின்பக்கம் எடுக்க முடியாது" என்று பதில் வந்தால் நான் அதோடு விட்டுவிடுகிறேன். ஹோஹென்சோலர்ன் பட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது, திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த மேசையே சந்தையில் இல்லை.